திருப்புதல் தேர்வில் மனம் உடைந்த பிள்ளையோடு உட்காருவது எப்படி?

ஜனவரி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் பேச்சு குறைந்துவிடும். முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் என்று தேர்வுகள் அடுத்தடுத்து வரும். விடைத்தாள்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும், அல்லது வராமல் எங்காவது ஒளிந்துகொள்ளும். இங்கே பாதி வீடுகளில் அம்மா விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதற்குப் பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் சோர்ந்து கிடக்கும் பிள்ளையைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். முதன்முறையாக வீட்டில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவராக இருந்தாலும் இங்கே சொல்வது அத்தனையும் உங்களால் முடியும். என் அக்காள் செய்து, கூட இருந்து பார்த்த பிறகே சொல்கிறேன்.

தேவையானவை

பிள்ளையின் விடைத்தாள், அதற்குரிய வினாத்தாள், மூன்று கிண்ணங்கள், ஒரு கைப்பிடிக்குக் கூடுதலாகப் புளியங்கொட்டை, தொலைக்காட்சி ஓடாத ஒரு மணி நேரம்.

முதல் படி: அன்று மாலை மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள்

இதில் நானே தவறியிருக்கிறேன். என் அக்காள் மகள் முதல் திருப்புதல் முடிந்து பள்ளி விட்டு வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றவளிடம் "கணக்கில் எவ்வளவு?" என்று கேட்டேன். "பேப்பர் இன்னும் தரவில்லை சித்தி" என்றாள். பத்து நாள் கழித்து வீட்டைத் துடைக்கும்போது, நிலவரைபடப் புத்தகத்தின் நடுவில் நான்காக மடித்து வைத்த விடைத்தாள் விழுந்தது. அந்தப் பத்து நாளும் அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அவளைப் பொய் சொல்ல வைத்தது என் கேள்விதான்.

ஆகவே அன்றைக்குக் கேட்க வேண்டியது "சாப்பிட்டாயா?" என்பது மட்டுமே. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். "இதற்கெல்லாம் அழலாமா?" என்று சொல்ல வேண்டாம். அவளைப் பொறுத்தவரை அழ வேண்டிய விஷயம்தான் நடந்திருக்கிறது. "அடுத்த தடவை நூற்றுக்கு நூறு எடுப்பாய்" என்றும் சொல்ல வேண்டாம். 38 எடுத்த பிள்ளைக்கு அது ஆறுதலாகக் கேட்காது, இன்னொரு கடனாகத்தான் கேட்கும்.

இரண்டாம் படி: ஓர் இரவு தூங்கவிடுங்கள்

மதிப்பெண் குறைந்த அன்றே "இன்று முதல் இரவு பன்னிரண்டு மணி வரை படி" என்று உட்கார வைக்கும் வீடுகள் உண்டு. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். பகலில் படித்தது நினைவில் உறையத் தூக்கம் வேண்டும். தூக்கத்தைப் பிடுங்கிப் படிக்க வைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது.

இடையில் ஒரு நிறுத்தம்

அடுத்த படிக்குப் போகும் முன் பிள்ளையின் முகத்தை நன்றாகப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் வருத்தம் இயல்பு. ஆனால் சாப்பாட்டை ஒதுக்குவது, நண்பர்களிடம்கூடப் பேசாமல் இருப்பது, பிரியமாக வைத்திருந்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்குக் கஷ்டமே இருக்காது" என்பது போன்ற பேச்சு, இவை தென்பட்டால் கணக்கை ஓரம் வைத்துவிடுங்கள். "செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும்.

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவ உதவி எண் 104, கேரளத்தில் 'திசா' என்ற அரசு உதவி எண் 1056, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இவற்றைக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலோ நாள்காட்டியின் ஓரத்திலோ இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள்.

தோட்ட வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இன்னொன்றையும் கெஞ்சிச் சொல்கிறேன். பூச்சிமருந்து டப்பாவைத் திண்ணையிலும் கட்டிலடியிலும் வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள், முடிந்தால் வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். ஒரு பிள்ளையின் மனம் இருண்டு போகிற அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் அது இருக்கக் கூடாது.

மூன்றாம் படி: இழந்த மதிப்பெண்ணை மூன்று கிண்ணத்தில் பிரியுங்கள்

இந்த வேலைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.

இரண்டாம் திருப்புதலில் என் அக்காள் மகளுக்குக் கணக்கில் 38. "எனக்கு எதுவுமே தெரியவில்லை சித்தி. நான் கணக்குக்கு லாயக்கில்லை" என்றாள். மறுநாள் சனிக்கிழமை மாலை. அக்காள் தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பு முடித்து வந்து குளித்துவிட்டு, அடுப்படித் தரையில் செய்தித்தாளை விரித்தாள். புளி டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பையில் கொட்டை சேர்த்து வைத்திருப்பாள். அதிலிருந்து 62 கொட்டைகளை எண்ணி எடுத்துக் குவித்தாள்.

"இதெல்லாம் நீ விட்ட மார்க். ஒவ்வொன்றும் எங்கே போயிற்று என்று எனக்குச் சொல். திட்ட மாட்டேன். எனக்குக் கணக்குத் தெரியாது, காய் தரம் பிரிக்கத் தெரியும்."

முதல் கிண்ணம் தெரியாமல் விட்டதற்கு. இரண்டாவது, தெரிந்தும் கை தவறியதற்கு. மூன்றாவது, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டதற்கு. மகள் விடைத்தாளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஒவ்வொரு வினாவுக்கும் காரணம் சொல்ல, அக்காள் அதற்குரிய கிண்ணத்தில் கொட்டைகளைப் போட்டாள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. "இது எந்தக் கிண்ணம்?" என்று மட்டுமே கேட்டாள். பெற்றோர் இந்தக் கேள்வியை விட்டு நகரவே கூடாது.

ஒரு மதிப்பெண் வினாக்களில் நான்கு போயிருந்தன. விடையின் குறியீட்டை மட்டும் எழுதி விடையை எழுதாமல் விட்டது இரண்டு, அவசரத்தில் மாற்றி எழுதியது இரண்டு. வடிவியலில் உதவிப்படம் வரையாததால் 2. கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறியதில் அங்கங்கே மொத்தம் 7. ஆக, கை தவறிய கிண்ணத்தில் 13. வரைபட வினாவைத் தொடவே நேரமில்லை, 8. கடைசியில் இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள் அப்படியே விடுபட்டன, 10. நேரக் கிண்ணத்தில் 18.

தெரியாத கிண்ணத்தில் மீதி 31.

அவள் மூன்று கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தெரியாத கிண்ணத்தைக் கவிழ்த்துத் தானே மறுபடி எண்ணினாள். 31தான். இழந்ததில் சரிபாதி அவளுக்குத் தெரிந்த கணக்கு. அந்த 31லும் பெரும்பகுதி முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் என்ற இரண்டே பாடங்களில் இருந்து வந்தது. புத்தகத்தில் மொத்தம் எட்டுப் பாடங்கள். "எதுவுமே தெரியவில்லை" என்றவள் "இந்த ரெண்டும்தான் சித்தி" என்றாள். நாங்கள் யாரும் அவளுக்குத் தைரியம் சொல்லவில்லை. கொட்டைகளே சொல்லிவிட்டன.

நான்காம் படி: எந்தக் கிண்ணத்தை முதலில் காலி செய்வது?

தெரியாத பாடத்தில்தான் எல்லோரும் முதலில் கை வைப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். துவண்டு போன பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு சின்ன வெற்றி. அது கை தவறிய கிண்ணத்திலும் நேரக் கிண்ணத்திலும்தான் சீக்கிரம் கிடைக்கும்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளின் இப்போதைய அமைப்பைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பதினான்கில் பத்து எழுத வேண்டும், 28ஆவது வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணிலும் பதினான்கில் பத்து, 42ஆவது கட்டாயம். கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. அந்த இரண்டுக்கும் 16, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, மொத்தம் 30. தேர்ச்சிக்கு 35. வடிவியலும் வரைபடமும் கையால் பழகிப் பழகி வருபவை. நாளுக்கு ஒரு தொடுகோடு, ஒரு வரைபடம் என்று இரண்டு வாரம் வரைந்தால் கை தானாகப் போகும். அளவுத்திட்டம் எழுதுவதும் உதவிப்படம் போடுவதும் பழக்கமாகிவிடும்.

நேரத்துக்கு ஒரு வழி: தேர்வில் வினாத்தாளை வாசிக்க மட்டும் பத்து நிமிடம் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தெந்த ஐந்து மதிப்பெண் வினாக்களை எழுதப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். வீட்டில் பழைய வினாத்தாளை வைத்து இதை மட்டும் தனியே பழக்குங்கள். விடை எழுத வேண்டாம், தேர்ந்தெடுத்தால் போதும். பிறகு எட்டு மதிப்பெண் வினாக்களை முதலில் எழுதுவதா கடைசியிலா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். என் அக்காள் மகள் முதலில் வரைந்துவிடுவது என்று முடிவு செய்தாள், அவளுக்கு அது ஒத்துவந்தது.

ஐந்தாம் படி: படிக்கும் முறையை மாற்றுங்கள்

பிள்ளை நாள் முழுக்கப் புத்தகமும் கையுமாக இருந்தும் மதிப்பெண் வரவில்லை என்றால் சோம்பல் என்று எண்ணாதீர்கள். வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பது படித்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தரும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

எனவே: இருபது நிமிடம் படிக்கட்டும். புத்தகத்தை மூடட்டும். பத்து நிமிடம் வெற்றுத்தாளில் எழுதட்டும். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் சேர்க்கட்டும். நீங்கள் உதவ விரும்பினால் காய் நறுக்கிக்கொண்டே "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல அவள் படும் பாடுதான் படிப்பு.

ஆறாம் படி: சொந்தக்காரர்களைக் கொஞ்ச நாள் எட்ட நிறுத்துங்கள்

எல்லைப் பகுதியில் இது தனிப் பிரச்சினை. சித்தப்பா குடும்பம் மலைக்கு மேலே குமுளியிலோ பீர்மேட்டிலோ இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை தமிழ்வழியிலேயே கேரள எஸ்.எஸ்.எல்.சி. எழுதும். சொந்தங்கள் கூடும்போது, "அவன் பி பிளஸ், இவள் 38தானா?" என்று ஒரு பேச்சு வரும். அங்கே தாள் வேறு, மதிப்பிடும் முறை வேறு. கணக்குக்கு எழுத்துத்தேர்வு 80 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். மீதி 20 மதிப்பெண், ஆண்டு முழுதும் பள்ளியில் செய்யும் வேலைக்கு. இங்கே கணக்கில் நூறும் ஒரே தாளில், மூன்று மணி நேரத்தில். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது. பிள்ளை கேட்கும்படியே இதைச் சொல்லி அந்தப் பேச்சை நிறுத்துங்கள். சொந்தக்காரர் மனம் சற்றுக் கோணினால் பரவாயில்லை.

தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள். தவறிய பாடத்தை அதே ஆண்டு துணைத் தேர்வில் எழுதலாம், தேறினால் அதே ஆண்டிலேயே பதினொன்றில் சேரலாம் என்ற உண்மையைச் சொல்லுங்கள். கேரளத்திலும் அப்படி ஒரு தேர்வு உண்டு, 'சே' என்பார்கள். தெரியாத பள்ளத்தைத்தான் பிள்ளைகள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

ஏழாம் படி: அடுத்த விடைத்தாள்

மூன்றாம் திருப்புதலில் என் அக்காள் மகளுக்குக் கணக்கில் 51. அன்று வெள்ளிக்கிழமை, அக்காள் வந்த ஜீப் தாமதமாகிவிட்டது. நான் போனபோது செய்தித்தாள் ஏற்கெனவே விரித்திருந்தது. 49 கொட்டைகளை எண்ணி வைத்துவிட்டு அவள் விடைத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நேரக் கிண்ணத்தில் ஐந்தே ஐந்து கொட்டைகள் கிடந்தன. "முக்கோணவியல் இன்னும் அப்படியே இருக்கிறது சித்தி. நாளைக்கு அதில் உட்காரலாமா?" என்று கேட்டுவிட்டு, அம்மா வருவதற்குள் உலை வைக்க எழுந்து போனாள்.