தண்ணீர்த் தொட்டி எப்போதும் 0 சதவீதம்: சி கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, கோடு சரியாத்தான் இருக்கு, விடை மட்டும் தப்பா வருது." கல்லூரிகளில் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் காலம் வந்துவிட்டால் எனக்கு இப்படித்தான் செய்தி வரும். சி மொழியில் எழுதிய புரோகிராமை, அதாவது அந்தக் கோடை, அனுப்பச் சொல்லிப் பார்த்தால், எங்கள் செட் செய்த அதே தப்பு. மாறிகளின் பெயர்தான் வேறு.

அரைப்புள்ளியை விட்டது, உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்பில் & போடாதது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. கோடை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் கத்தும், அல்லது புரோகிராமே விழுந்து காட்டிக்கொடுக்கும். எரர் எதுவும் இல்லாமல் ஓடி, தப்பான எண்ணைத் தைரியமாக அச்சடிக்கும் கோடுதான் என் பிரச்சினை. (உதாரணங்களில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன்.)

முழு எண்ணை முழு எண்ணால் வகுப்பது

ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினி போர்டில் மாணவர்கள் செய்த மோட்டார் கன்ட்ரோலர் ஒன்று. தொட்டியில் உள்ள சென்சார் 0 முதல் 1023 வரை ஓர் எண்ணைத் தரும். அதைச் சதவீதமாக்கி, 20-க்குக் கீழே போனால் மோட்டாரைப் போட வேண்டும், 95-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும். அவர்கள் எழுதியது:

சதவீதம் = (அளவு / 1023) * 100;

மோட்டார் நிற்கவே இல்லை. மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர். சென்சாரை மாற்றினார்கள், ரிலேயை மாற்றினார்கள், அப்புறம் போர்டையே சந்தேகப்பட்டார்கள். அந்தச் சதவீதத்தை ஒரே ஒரு வரியில் பிரின்ட் செய்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பார்த்திருந்தால் தொட்டி காலியோ நிரம்பியதோ, எப்போதும் 0 என்று வந்திருக்கும்.

இரண்டு பக்கமும் இன்ட் (முழு எண் வகை) என்றால், சி-யில் வகுத்தலின் விடையும் இன்ட்தான். தசமப் பகுதி வெட்டி எறியப்படும். 900 / 1023 என்பது 0. அதை நூறால் பெருக்கினாலும் 0. சென்சார் 1023-ஐத் தொட்டால் மட்டும் 100 வரும், ஆனால் அந்தத் தொட்டி எவ்வளவு நிரம்பினாலும் சென்சார் அதைத் தொடவில்லை.

இதைச் சொன்னதும் எல்லோரும் முதலில் செய்யும் திருத்தம், சதவீதம் என்ற மாறியை ஃபுளோட் (தசம எண் வகை) ஆக்குவது. இப்போது 0.00 வரும். சமக்குறியின் வலப்பக்கத்தைக் கணக்கிடும்போது, விடை எந்த வகை மாறிக்குள் போகப்போகிறது என்பதைச் சி பார்ப்பதே இல்லை. முதலில் 0 என்று முடித்துவிட்டு, அப்புறம்தான் அதை ஃபுளோட்டாக மாற்றும். மதிப்பெண் சராசரியிலும் இதே கதை. 434 / 5 என்று போட்டால் 86.8-க்குப் பதில் 86.000000 என்று வரும். புள்ளிக்குப் பின்னால் ஆறு பூஜ்யங்களைப் பார்த்து "தசமம் வருதே" என்று திருப்தியடைந்தவர்கள் உண்டு. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்த ஆறு பூஜ்யங்கள் மாறவில்லை என்றால் உடனே வகுத்தல் வரிக்குப் போங்கள்.

அடுத்த முயற்சி, (ஃபுளோட்)(அளவு / 1023). இதுவும் தாமதம். அடைப்புக்குறிக்குள் ஏற்கெனவே 0 ஆகிவிட்டது. மாற்றம் வகுத்தலுக்கு முன்னால் நடக்க வேண்டும்: (ஃபுளோட்)அளவு / 1023. அல்லது சும்மா 1023.0 என்று எழுதினாலே போதும். ஒரு பக்கம் தசம எண்ணாக இருந்தால் மறுபக்கமும் அப்படியே மாறிக்கொள்ளும்.

தசமமே வேண்டாம், முழு எண்ணிலேயே முடித்துக்கொள்கிறேன் என்றால் முதலில் பெருக்கி, பிறகு வகுக்க வேண்டும்: அளவு * 100 / 1023. நம் மாணவர்களும் இதைத்தான் செய்தார்கள், கொஞ்ச நேரம் நன்றாகவே ஓடியது. 31 சதவீதம் வரை சரி. அதற்கு மேல் தொட்டி நிரம்பியதும் திடீரென்று மைனஸ் 32.

ஊனோவில் இன்ட் என்பது 16 பிட். அதிகபட்சம் 32,767. அளவு 327 வரை பெருக்கினால் 32,700, தாங்கும். 328 ஆனதும் 32,800, தாங்காது. பெரும்பாலும் அது சுற்றிக்கொண்டு -32,736 ஆகும். 1023-ஆல் வகுத்தால் கச்சிதமாக -32. (சி-யின் விதிப்படி இப்படி நிரம்பி வழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது.) மைனஸ் 32 என்பது 20-க்குக் கீழே அல்லவா, மோட்டார் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

தீர்வு, 100-ஐ ஒட்டி எல் என்ற எழுத்தைச் சேர்ப்பது. அப்போது பெருக்கல் லாங் வகையில், ஊனோவில் 32 பிட்டில், நடக்கும். "எங்க லேப்டாப்புல எல் இல்லாமலே சரியா வருதே" என்றார்கள். வரும், அங்கே இன்ட்டே 32 பிட். அதே லேப்டாப்பில் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டு, டர்போ சி என்ற பழைய கம்பைலரைத் திறந்தால் மீண்டும் 16 பிட்.

32 பிட்டுக்கும் எல்லை உண்டு: 2,147,483,647. ஒரு நாளின் மைக்ரோநொடிகளை 24 * 60 * 60 * 1000 * 1000 என்று எழுதி இன்னும் பெரிய லாங் லாங் மாறியில் வைத்தாலும், பெருக்கல் இன்ட்டிலேயே நடந்து வழிந்துவிடும். விமானத்திலும் இந்த வகைத் தவறு இருந்திருக்கிறது. போயிங் 787-ன் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் உள்ளே ஒரு கவுன்டர் வழிந்து மின்சாரம் போய்விடலாம் என்று 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. நொடியின் நூறில் ஒரு பங்கை ஒன்றாக எண்ணிக்கொண்டே போனால் 32 பிட் இன்ட் நிரம்புவதும் 248-வது நாளைத் தாண்டித்தான்.

இன்னொன்று, கணிதம் நன்றாகத் தெரிந்தவர்கள் செய்வது. விலை * 18 / 100 என்று ஜிஎஸ்டி போட்டிருப்பார்கள், அது ஓடும். அப்புறம் "பார்க்கத் தெளிவாக இருக்கட்டும்" என்று விலை * (18 / 100) ஆக்குவார்கள். வரி 0. தாளில் இரண்டும் ஒன்று, சி-யில் அப்படி இல்லை. முதல் வடிவமும் ரூபாயில் வைத்தால் சில்லறையைத் தின்னும்: 45 ரூபாய்க்கு 8.10 வர வேண்டும், 8 தான் வரும். பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். 4500-க்கு 810 என்று சரியாக வந்துவிடும்.

எல்லா எச்சரிக்கைகளையும் திறந்துவிட்டாலும் ஜிசிசி கம்பைலர் இந்த வகுத்தலைப் பற்றி வாய் திறக்காது. மொழியின் கணக்கில் இது தவறே இல்லை. நொடிகள் / 60, நொடிகள் % 60 (வகுத்த மீதி) என்று கடிகாரம் எழுதும்போது நமக்கு வேண்டியதும் இதே வெட்டல்தான். கிளாங்-டைடி என்ற கோடு சோதிக்கும் கருவி ஓரளவு பிடிக்கும். பள்ளியில் பைதான் 3 படித்துவிட்டு வருபவர்களுக்கு இது இன்னும் வழுக்கும். அங்கே 7 / 2 என்றால் 3.5.

^ என்பது அடுக்கு இல்லை

5 ^ 2 என்றால் 7. சி-யில் ^ இரண்டு எண்களையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1 வைக்கும். வர்க்கம் வேண்டுமென்றால் 5 * 5.

== வேண்டிய இடத்தில் =

எல்லோரும் சொல்வதுதான், அதனால் அறிவுரை வேண்டாம், ஒரு சம்பவம் மட்டும். 2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஒரு பிரதியில் யாரோ இரண்டே வரி நுழைத்தார்கள். பயனர் எண் 0 தானா என்று சோதிப்பது போலத் தெரியும், ஆனால் அங்கே இருந்தது ஒற்றைச் சமக்குறி; அது சோதிக்காது, எண்ணையே 0 ஆக்கிவிடும். குறிப்பிட்ட விதத்தில் அழைத்தவருக்கு ரூட் அதிகாரமே, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாடே, கிடைத்திருக்கும். மூலக் களஞ்சியத்தோடு அந்தப் பிரதி ஒத்துப்போகாததால் சிக்கியது. அந்தச் சமக்குறியைச் சுற்றி ஒரு ஜோடி அடைப்புக்குறி இருந்ததையும் சொல்ல வேண்டும். அப்படிப் போட்டால் ஜிசிசி "வேண்டுமென்றே செய்கிறார்" என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்காது.

& வரும் இடத்தில் அடைப்புக்குறி

கொடி & 4 == 4 என்று எழுதினால் முதலில் 4 == 4 கணக்காகி 1 ஆகும், பிறகு கொடி & 1. நீங்கள் சோதித்தது மூன்றாவது பிட்டை அல்ல, முதல் பிட்டை. (கொடி & 4) == 4 என்று எழுதுங்கள். இந்த வரிசை ஏன் இப்படி என்றால், ஆரம்பத்தில் சி-யில் && கிடையாது; & தான் பிட்டுகளைச் சோதிப்பது, 'இரண்டும் உண்மையா' என்று கேட்பது என இரண்டு வேலையையும் பார்த்தது. && வந்த பிறகும் பழைய கோடு கெடக் கூடாது என்று & இருந்த இடத்திலேயே விடப்பட்டது. மாற்றியிருக்கலாம் என்று சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே பின்னாளில் எழுதியிருக்கிறார். நாம்தான் இன்னும் அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மைனஸ் எண்ணின் மீதி

ஒற்றைப்படையா என்று பார்க்க எண் % 2 == 1 என்று எழுதுவார்கள். -3 கொடுத்தால் மீதி -1, ஆகவே ஒற்றைப்படை இல்லை என்று வரும். எண் % 2 != 0 என்று எழுதினால் போதும். சி99 (1999-ல் வந்த சி தரநிலை) முதல் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கியே வெட்டும், மீதி வகுபடும் எண்ணின் குறியை எடுத்துக்கொள்ளும். -7 % 3 இங்கே -1, பைதானில் 2. வட்ட வரிசையில் ஒரு இடம் பின்னால் போக (இடம் - 1) % நீளம் என்று எழுதியவர்கள் அரேக்கு வெளியே போய் விழுவது இதனால்தான். (இடம் - 1 + நீளம்) % நீளம் என்று எழுதுங்கள்.

அன்சைன்டு (மைனஸ் ஆகவே முடியாத) மாறியை 0 வரை இறக்குவது

ஐ >= 0 என்ற நிபந்தனை எப்போதும் உண்மை. லூப் முடியாது.

ஐ++ + ++ஐ

ஒரே வரியில் ஒரே மாறியை இரண்டு முறை கூட்டும் இதை எழுதாதீர்கள். இதன் விடை என்ன என்று தேர்வில் கேட்டிருந்தால், நான்கு விருப்பங்களில் எதுவும் சரியில்லை. அதற்கு ஒரு விடையைச் சி மொழி வரையறுக்கவே இல்லை.