வேலையை விடுவது எப்படி: பேப்பர் போடுவதற்கு முன்பிருந்து பிஎஃப் வரை

முதல் வேலையை விடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியார் நிறுவன ஊழியர்களை மனத்தில் வைத்தே சொல்கிறேன். அரசுப் பணிக்கு விதிகள் வேறு.

படி 1: கையில் ஆஃபர் லெட்டர். "எடுத்துவிட்டோம், வந்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னதை நம்பிப் பேப்பர் போடாதீர்கள். சம்பளமும் சேரும் தேதியும் எழுத்தில் வரட்டும்.

படி 2: பழைய நியமனக் கடிதம். நோட்டீஸ் காலம், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாள்கள், 30 நாளா, 60 நாளா, 90 நாளா என்று பாருங்கள். மீதமுள்ள நாள்களுக்குப் பணம் கட்டிவிட்டு முன்னதாகக் கிளம்ப வழி உண்டா என்பதும் அதில்தான் இருக்கும். புதிய இடத்தில் சேரும் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

படி 3: மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள். பக்கத்து இருக்கை நண்பருக்குக்கூட அதற்கு முன் தெரிய வேண்டாம். செய்தி வேறொருவர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தால் மேனேஜருக்கு மனம் கசந்துவிடும். நோட்டீஸ் காலம் முழுவதும் அந்தக் கசப்போடுதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். சம்பளம் கூட்டித் தருகிறோம் என்பார்கள். இருப்பதா, போவதா என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

படி 4: ராஜினாமா மின்னஞ்சல். பேசிய அன்றே மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் (மனிதவளத் துறை) அனுப்புங்கள். நான்கு வரி போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, என் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். நோட்டீஸ் காலத்தின்படி என் கடைசி வேலை நாள் (தேதி). அதற்குள் என் பொறுப்புகளை முறையாக ஒப்படைப்பேன். இதுவரை தந்த வாய்ப்புக்கு நன்றி."

மனக்குறைகளை இதில் எழுத வேண்டாம், இந்தக் கடிதம் கோப்பில் பல வருடம் இருக்கும். சொல்லியே ஆக வேண்டிய குறை இருந்தால், நீங்கள் விடைபெறும்போது எச்.ஆர். கேட்கையில் ஆளைக் குறை கூறாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

படி 5: பொறுப்பை ஒப்படைத்தல். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நீங்கள் போன பிறகு உங்கள் வேலை ஒரு சக ஊழியர் தலையில்தான் விழப்போகிறது. செய்துகொண்டிருக்கும் வேலைகள், பாதியில் நிற்பவை, எந்தக் கோப்பு எங்கே, எந்த வாடிக்கையாளருக்கு எதை வாக்களித்திருக்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். எழுதினால் மட்டும் போதாது. அவர் செய்ய, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்; எங்கே தடுமாறுகிறார் என்று அப்போதுதான் தெரியும். நோட்டீஸ் காலத்தில் ஏனோதானோவென்று இருந்துவிட்டுப் போனவரைப் பற்றி அலுவலகம் நெடுநாள் பேசும். அந்தச் சக ஊழியரே நாளை வேறு நிறுவனத்தில் உங்களை நேர்காணல் செய்யலாம்.

படி 6: காகிதங்கள். ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்), அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அலுவலக மின்னஞ்சல் முடங்குவதற்குள் சம்பளச் சீட்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் ஆவணங்களை மட்டும் தொடாதீர்கள். லேப்டாப், அடையாள அட்டையை ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நிரந்தர ஊழியராக 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு.

படி 7: பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). பணத்தை எடுக்காமல், நிறுவனம் மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்ணான யுஏஎன்னிலேயே புதிய கணக்குக்கு மாற்றுங்கள். மொத்தச் சேவை 5 ஆண்டு ஆவதற்குள் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. நீங்கள் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிந்துவிட்டதா என்று பிஎஃப் இணையதளத்தில் பாருங்கள். பதியாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிந்துகொள்ளலாம். ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் அதற்கு வேண்டும்.