முற்றவெளிக்கு ஒரு மாலையைத் தனியாக வையுங்கள்

யாழ்ப்பாணம் போகிறவர்கள், கோட்டைக்கு முன்னால் உள்ள திறந்தவெளியான முற்றவெளியை "போற வழியில பாக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். கந்தோர் வேலை இருக்கும் நாளில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எனக்கு நடந்தது இதுதான். "தம்பி, ஒரு கையெழுத்துத்தானே, பத்து நிமிஷ வேலை" என்றார் சித்தப்பா. காணி உறுதியில் உள்ள என் பெயருக்கும் கனடாக் கடவுச்சீட்டில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி வேண்டுமாம். அதைக் கொண்டுபோனால் கிராம சேவகரின் கடிதம் எங்கே என்றார்கள். கடிதத்தோடு போனால் ஐயா லீவு. மின்விசிறி சுற்றாத மண்டபத்தில், விடுமுறை முழுவதும் வாங்கில் உட்கார்ந்தே போயிற்று. முற்றவெளியை ஓட்டோவுக்குள் இருந்து எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். எரிச்சலாக இருந்தாலும் வாய் திறக்கவில்லை. நாங்கள் எல்லோரும் போனபிறகு அந்தக் காணிக்கு வேலி அடைத்தது அவர்தானே.

காணி வேலை இருந்தால் கிளம்பும் முன்பே இலங்கைத் தூதரகத்தில், உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்துக்கு என்ன தேவை என்று கேளுங்கள். சித்தப்பாமாருக்கு முகம் சுருங்கும், சரி, சுருங்கட்டும்.

வெயில் தாழ்ந்தபின் மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்குங்கள். வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்தது அது. அப்புறம் யாழ்ப்பாணப் பொது நூலகம். வாசலில் சரஸ்வதி சிலை இருக்கும். 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. இன்றைய வெள்ளைக் கட்டடத்தைப் படம் எடுக்கும் அவசரத்தில் பலர் அதை நினைப்பதில்லை.

வெளிக்கு அந்தப் பக்கம் கோட்டை. 1658இல் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்த ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினார்கள். பீரங்கிக்கு முன்னால் மறைப்பு இருக்கக்கூடாது என்பதால்தான் கோட்டையைச் சுற்றி வெளி விடுவார்கள். பிறகு அது ஊர்ச் சனத்தின் விளையாட்டுக்கும் கூட்டங்களுக்கும் ஆனது. ஓரத்தில் முனியப்பர் கோயிலும் உண்டு.

1974 நினைவுத் தூண்களைத் தவறவிடாதீர்கள். தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளான ஜனவரி 10 இரவு, வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் கூடியிருந்த சனத்தைப் பொலிஸார் தாக்கினார்கள். மின்கம்பி அறுந்து விழுந்ததில் ஆட்கள் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சித்தப்பாவும் நின்றாராம். கந்தோர் வாங்கில் இருக்கும்போதுதான் சொன்னார், அதுவும் பாதியில் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் முற்றவெளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கோட்டை மதிலில் ஏற முழங்கால் விடாது என்பார். கீழே புல்லில் இருந்தாலும் பண்ணைக் கடற்காற்று வரும்.