மருத்துவப் படிப்பு விண்ணப்பக் கட்டுரை: எந்த அனுபவத்தை எழுதலாம், எதை விடலாம்?

ஜிப்மரில் எம்.பி.பி.எஸ். சேர நீட் மதிப்பெண்தான் கணக்கு. உங்களைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதச் சொல்வதில்லை. பிரிட்டனில் அப்படியில்லை, யூகாஸ் (UCAS, அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியாக விண்ணப்பிக்கும்போது கட்டுரையும் எழுத வேண்டும். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பிளஸ் டூ படித்துக்கொண்டே அதை எழுத உட்காரும் மாணவர்களுக்கான வழிமுறை இது. (படித்து முடித்து இந்தியாவில் மருத்துவம் பார்க்கும் எண்ணம் இருந்தால் நீட் தேர்ச்சியும் வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள்.)

முதலில் அளவு. 2026 சேர்க்கையிலிருந்து கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிந்திருக்கிறது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது உங்களை எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட, 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஆங்கிலத்தில் சுமார் 600, 650 சொற்கள்தான். இதற்குள் மூன்று அனுபவங்கள், மிஞ்சினால் நான்கு கொள்ளும். எட்டைத் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது.

படி 1: எல்லாவற்றையும் எழுதுங்கள்

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: எங்கே, எவ்வளவு காலம், என் வேலை என்ன, என்ன பார்த்தேன். பதினைந்து இருபது வரிகள் வரும்வரை நிறுத்த வேண்டாம். என்.எஸ்.எஸ்., ஜூனியர் ரெட் கிராஸ், கண் சிகிச்சை முகாம் எல்லாம் தானாக வந்துவிடும். வீட்டு விஷயங்களைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள்: பாட்டியின் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து வைப்பது, பக்கத்து வீட்டு அக்காவோடு ஓ.பி. வரிசையில் நின்று டாக்டர் சொன்னதை அவருக்குப் புரியும்படி திரும்பச் சொன்னது, மாலையில் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டது. இவற்றையும் எழுதுங்கள்.

படி 2: மூன்று கேள்விகளால் சலியுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். நான் அங்கே என்ன செய்தேன்? நோயாளியைப் பற்றியோ மருத்துவர், செவிலியரின் வேலையைப் பற்றியோ எதைப் புரிந்துகொண்டேன்? அதன்பின் எதைத் தேடிப் படித்தேன், எதை மாற்றிக்கொண்டேன்? இரண்டு கேள்விகளுக்காவது தெளிவான பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு பெரிய நிகழ்வாக இருந்தாலும்.

நம் ஊரில் இது கடினம், ஏனென்றால் பெரிய நிகழ்வுகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் என்று எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. பெரும்பாலானவை மழையையும் காற்றையும் விவரிப்பதிலேயே 400 எழுத்துகளைச் செலவழித்துவிடும். புயல் எப்படி இருந்தது என்று தேர்வுக் குழு கேட்கவில்லை. நீங்கள் அதில் என்ன செய்தீர்கள் என்றுதான் பார்க்கிறது. ‘நிவாரண முகாமில் உதவினேன்’ என்பது வெறும் வரி. ‘முகாமில் யார் யார் பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்று பட்டியல் எடுத்தேன், மருந்துச் சீட்டு நனைந்துபோனவர்களுக்குத் தங்கள் மருந்தின் பெயரே தெரியவில்லை’ என்று எழுதினால், மருந்து இடையில் நின்றுபோவதும் ஒரு பேரிடர்ப் பிரச்சினை என்பதை நீங்கள் கண்டுகொண்டது தெரியும்.

குடும்பத்தில் ஒருவரின் நோயும் அப்படித்தான். எழுதலாம், ஆனால் துக்கத்தை எழுதினால் இரக்கம்தான் கிடைக்கும். தாத்தாவின் காலில் சர்க்கரைப் புண். வலி இல்லை என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏன் வலிக்கவில்லை என்று தேடிப்போய், நரம்பு பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறைந்திருப்பதைப் படித்தீர்கள். அன்றிலிருந்து தினமும் அவர் பாதத்தைப் பார்க்கத் தொடங்கினீர்கள். எழுத வேண்டியது இந்தத் தொடர்ச்சி.

படி 3: தயங்காமல் நீக்க வேண்டியவை

‘சின்ன வயதிலிருந்தே டாக்டர் ஆசை’ என்ற தொடக்கம். பதக்கப் பட்டியல். ஒரே நாள் அறுவை அரங்கில் நின்று பார்த்தது. இவற்றைவிட ஆபத்தானது, ‘நானே ஊசி போட்டேன், தையல் போட்டேன்’ என்பது. பெருமை என்று நினைத்து எழுதுகிறார்கள். பயிற்சியில்லாத ஒருவர் நோயாளியின் உடலைத் தொட்டிருக்கிறார், அது தவறென்றும் அவருக்குத் தெரியவில்லை என்றுதான் கட்டுரையை அங்கே வாசிப்பவர் புரிந்துகொள்வார். நோயாளியின் பெயரும், அவரை அடையாளம் காட்டும் ஊர் விவரமும் எங்கும் வரக்கூடாது.

மருத்துவமனையில் டாக்டரோடு நிற்கும் வாய்ப்பு கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். முதியோர் இல்லத்திலோ சிறப்புப் பள்ளியிலோ வாரம் இரண்டு மணி நேரம், ஆறு மாதம் போனதை பிரிட்டன் கல்லூரிகள் மதிக்கின்றன. எங்கள் கணிப்பில், காசு கட்டிப் போகும் ஒரு வார ‘மருத்துவ அனுபவ’ முகாமைவிட இது எவ்வளவோ மேல்.

படி 4: கேள்விக்கு ஏற்பப் பிரியுங்கள்

யூகாஸின் முதல் கேள்விக்கு ஓர் அனுபவம் போதும். இரண்டாவதில் பாடம் சார்ந்தவை: உயிரியலில் உங்களை மேலும் படிக்கத் தூண்டிய பகுதி, செய்முறை வகுப்பில் பிசகி மறுபடி செய்தது. மூன்றாவதில் இரண்டு அனுபவங்கள், ஒவ்வொன்றுக்கும் 600, 700 எழுத்துகள். நடந்ததைச் சொல்ல அதில் மூன்றில் ஒரு பங்கு, புரிந்துகொண்டதற்கு மீதி. ஒரே அனுபவத்தை இரண்டு பதில்களில் திருப்பாதீர்கள். மூன்றையும் சேர்த்தேதான் படிப்பார்கள்.

படி 5: பேசிப் பாருங்கள்

எழுதிய ஒவ்வொன்றையும் பற்றி நேர்முகத் தேர்வில் கேள்வி வரலாம். வீட்டில் ஒருவரைக் கேட்கச் சொல்லி, பேப்பரைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேசுங்கள். இரண்டாவது நிமிடத்தில் சரக்கு தீர்ந்தால் அந்த அனுபவத்தை மாற்றுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியம்கூட எடுக்க வேண்டாம். யூகாஸ் மென்பொருள் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது.

மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. நமக்கு இரவு 10.30. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு குறுக்கே வரும், ஆசிரியரின் பரிந்துரையும் சேர்ந்தால்தான் விண்ணப்பம் போகும். ஆகவே ஆகஸ்ட் கடைசிக்குள் கட்டுரையை முடித்து, ஒரு பிரதியைப் பரிந்துரை எழுதும் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.