மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள்: பழைய நீச்சல்குளத்துக்குப் புதுச் சாமான் போடுவதில் நடக்கும் தவறுகள்

மதுரைப் பக்கம் அழகர்கோவில் சாலையிலும் நத்தம் சாலையிலும் பதினைந்து இருபது வருடத்துக்கு முன் கட்டிய பண்ணை வீடுகளில் நீச்சல்குளத்துத் தொட்டி இன்னும் திடமாகத்தான் இருக்கும். அங்கங்கே நாலு டைல்ஸ் பெயர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஓய்ந்துபோயிருப்பது மோட்டார் அறை. சித்திரைத் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிடுவார்களே என்று பங்குனிக் கடைசியில் அவசரமாக மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவரும் பாசி பிடித்த தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு எச்.பி.யாப் போட்டுருவோம்ணே, தண்ணி பளிச்சுனு ஆயிரும்" என்பார். பாதிச் செலவு வீணாவது அந்த இடத்தில்தான்.

தண்ணீரைச் சுத்தம் செய்வது பில்டர் மணல். அந்த மணல் வழியே எவ்வளவு வேகத்தில் தண்ணீர் போகலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் தண்ணீர் மணலில் வழி பறித்துக்கொண்டு, அழுக்கோடு குளத்துக்கே திரும்பிவிடும். ஆகவே கணக்கைக் குளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

30 அடி நீளம், 15 அடி அகலம், ஒரு முனையில் மூன்றரை அடி, மறு முனையில் ஐந்தரை அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆழம் நாலரை அடி. மூன்றையும் பெருக்கினால் 2,025 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 57,300 லிட்டர். மொத்தத் தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் ஒரு முறை பில்டரைச் சுற்றி வரவேண்டும் என்றால் மணிக்கு 9,500 லிட்டர் போதும்.

இனி பில்டர். மணல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 40,000 லிட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 24 இஞ்ச் விட்டமுள்ள பில்டரின் பரப்பு 0.28 சதுர மீட்டர், ஆக அதன் எல்லை 11,000 லிட்டரை ஒட்டி வரும். நம் 9,500 அதற்குள் அடங்கிவிட்டது. ஆனால் பேக்வாஷ் செய்யும்போது, அதாவது தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்தி மணலைக் கழுவும்போது, மணல் மேலெழும்பிப் பிரிய, சதுர மீட்டருக்கு மணிக்கு 37,000 லிட்டராவது வேண்டும். 24 இஞ்சுக்கு அது சுமார் 10,500. எனவே மோட்டாரின் இலக்கு 10,500-க்கும் 11,000-க்கும் நடுவில். பெரிய பில்டராகப் போட்டுவிட்டால் நல்லதுதானே என்று 30 இஞ்ச் வாங்குகிறவர்கள் இந்தப் பேக்வாஷ் கணக்கைக் கோட்டை விடுகிறார்கள். மோட்டார் தள்ளும் தண்ணீர் மணலைக் கிளறாது, ஒரு வருடத்தில் மணல் கட்டிகட்டியாக இறுகிவிடும்.

மெக்கானிக் சொன்ன ரெண்டு எச்.பி. பத்து மீட்டர் ஹெட்டில் (பத்து மீட்டர் உயரத்துக்குச் சமமான தடையில்) மணிக்கு 20,000 லிட்டர் அளவில் தள்ளக்கூடியது. அதே 24 இஞ்ச் மணலில் அது சதுர மீட்டருக்கு 70,000 லிட்டர். தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். "இன்னும் பெரிய மோட்டார் போடலாமா" என்று அடுத்த கேள்வி வரும். ஒரு எச்.பி.யோடு ஒப்பிட்டால் தினம் ஆறு மணி நேர ஓட்டத்தில் ஐந்தாறு யூனிட் கரண்ட் கூடுதல்.

மோட்டார் எவ்வளவு உயரத்துக்குச் சமமான தடையைத் தாண்ட வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். பழைய மோட்டார் ஓடும் நிலையில் இருந்தால் பில்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ், மோட்டாரின் உறிஞ்சு பக்கத்தில் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டிப் பாருங்கள். அழுத்தம் 0.9 கிலோ என்றால் 9 மீட்டர். வேக்குவம் 150 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் 2 மீட்டர். ஆக 11 மீட்டர். பேக்வாஷ் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று குறித்தால் இப்போதைய ஓட்டம் எவ்வளவு என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். 70 விநாடி என்றால் மணிக்கு 10,000 லிட்டரைச் சற்றே தாண்டியிருக்கிறது. கடையில் எச்.பி.யைச் சொல்லிக் கேட்காமல், "பதினோரு மீட்டர் ஹெட்டில் பதினோராயிரம் லிட்டர்" என்று கேட்டு, எந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று கம்பெனி அச்சடித்த கர்வைக் (வரைபடத்தை) காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள். பழைய மோட்டாரின் தகட்டில் உள்ள எச்.பி.யை அப்படியே நம்புவதும் தப்பு. இரண்டு மூன்று முறை காயில் கட்டிய மோட்டார் தகட்டில் எழுதிய வேலையைச் செய்துகொண்டிருக்காது.

கிணற்றுக்குப் போடும் இரும்பு மோனோபிளாக்கை நீச்சல்குளத்தில் மாட்டுவது நம் பக்கத்துக்கே உரிய சிக்கனம். முடியையும் இலையையும் பிடிக்கும் கூடை அதில் கிடையாது. குளோரின் தண்ணீர் பட்டு உள்ளே துரு கிளம்பும், டைல்ஸில் பழுப்புக் கறை படியும்.

மண்ணுக்குள் இருக்கும் பைப்

புது மோட்டார் எவ்வளவு நல்லதானாலும் பழைய பைப் விடுகிற அளவுக்குத்தான் தண்ணீர் வரும். உறிஞ்சு பைப்பில் தண்ணீர் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. 50 மி.மீ. பைப் அந்த வேகத்தில் மணிக்கு எட்டரை ஆயிரம் லிட்டர் விடும், 63 மி.மீ. பைப் 14,000 விடும். நம் 11,000-க்கு 63 வேண்டும், அல்லது ஸ்கிம்மரிலிருந்தும் (மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் வாய்) மெயின் டிரெயினிலிருந்தும் (குளத்தின் அடியில் இருக்கும் வாய்) தனித்தனியாக இரண்டு 50 மி.மீ. லைன் மோட்டார் அறை வரை வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு 50 லைன்தான் என்றால், பெரிய மோட்டாருக்கு ஆகும் பணத்தில் புது லைன் இழுங்கள். அந்த ஒற்றை லைனில் பெரிய மோட்டாரைப் போட்டால் தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். தண்ணீர் போதாமல் உள்ளே குமிழி உண்டாகி உடைகிற சத்தம் அது. உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சீக்கிரமே அரித்துப்போகும்.

அடுத்து சின்ன விஷயம், ஆனால் ஒரு முழு நாள் வேலையை நிறுத்திவிடும். "ரெண்டு இஞ்ச்" என்று எல்லோரும் சொல்லும் பைப் இரண்டு வகை. விவசாய பி.வி.சி.யின் வெளி அளவு 63 மி.மீ. வீட்டுப் பிளம்பிங்குக்கு வரும் யு.பி.வி.சி.யின் வெளி அளவு 60.3 மி.மீ. ஒன்றின் யூனியன் (பைப்பை இணைக்கும் மூட்டு) இன்னொன்றில் லொடலொடவென்று ஆடும். எவ்வளவு சொல்யூஷன் தடவினாலும் அந்த இடைவெளி அடையாது, ஒரு மாதத்தில் காற்று இழுக்கும். வெர்னியர் இல்லாவிட்டால் பைப்பை ஒரு நூலால் ஒரு சுற்றுச் சுற்றி அளந்து பாருங்கள். 19.8 செ.மீ. வந்தால் 63, 18.9 வந்தால் 60.3. ஒன்றரை இஞ்சிலும் இதே கதை: 15.7 என்றால் 50, 15.2 என்றால் 48.3. அளந்த நூலோடு கடைக்குப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாமானுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கசிவைப் பார்த்துவிட வேண்டும். படிக்கட்டில் ஒரு வாளியை வைத்து, வாளிக்குள் இருக்கும் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு நிரப்பி, இரண்டுக்கும் கோடு போடுங்கள். 24 மணி நேரம் மோட்டாரை ஓட்டி ஒரு முறை, நிறுத்தி வைத்து ஒரு முறை. வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஒன்றாகக் குறையும், குளம் அதைவிட எவ்வளவு இறங்கியதோ அதுதான் கசிவு. ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் பில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் லைனைச் சந்தேகப்படுங்கள். பைப்பை அழுத்திச் சோதிப்பதானால் தண்ணீரால்தான் சோதிக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றை ஏற்றினால் பழைய பி.வி.சி. வெடித்துச் சிதறும்.

இதற்காகக் குளத்தை வற்றடிக்க வேண்டியதில்லை. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டு கண்மாய் பெருகியிருக்கும் நாட்களில் வற்றடிக்கவே கூடாது. குளத்தின் அடித்தளத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஒரு மீட்டர் நின்றால் சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும்; நம் உதாரணக் குளத்துக்கு அது 42 டன். அடித்தளம் விரியும், டைல்ஸ் கிளம்பும். தொட்டி வேலையும் இருந்தால் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பக்கத்துக் கிணற்றில் மட்டம் பார்த்த பிறகு.

உள்ளே போகுமா?

மோட்டார் அறை தரைக்குக் கீழே இருந்தால் இறங்கும் வாயிலை டேப்பால் அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். பல இடங்களில் பில்டரை இறக்கி வைத்த பிறகுதான் மேலே கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். வாயில் இரண்டுக்கு இரண்டு அடி. 24 இஞ்ச் பில்டர் அதில் நுழையாது. பழையதை ரம்பத்தால் அறுத்து வெளியே எடுத்துவிடலாம், புதிதை அறுத்து உள்ளே வைக்க முடியாதே. இதற்கு 20 இஞ்ச் பில்டர் இரண்டைப் பக்கம் பக்கமாக வைப்பது நல்ல மாற்று. மணல் பரப்பு கூடுகிறது, ஒவ்வொன்றாகப் பேக்வாஷ் செய்வதால் அழுக்கும் நன்றாகக் கழலும்.

மணல் விஷயத்தில் ஆற்று மணலும் எம்-சாண்டும் வேண்டவே வேண்டாம். சீரான பருமனுள்ள சிலிக்கா மணல், 0.5 முதல் 1 மி.மீ. வரை, 24 இஞ்சுக்கு ஏறக்குறைய 150 கிலோ. நடுக்குழாயின் வாயைத் துணியால் கட்டி, பாதித் தொட்டிக்குத் தண்ணீர் விட்டு, பிறகே மணலைக் கொட்ட வேண்டும். காய்ந்த தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால் அடியில் இருக்கும் விரல் குழாய்கள் முறியும். அது முறிந்தது, குளத்தின் தரையில் மணல் படியும்போதுதான் தெரியவரும்.

உயிரோடு விளையாடும் இரண்டு

பழைய குளங்களில் அடியில் ஒரே ஒரு மெயின் டிரெயின் இருப்பது வழக்கம். மூடி உடைந்து, மேலே பெரிய மோட்டாரும் மாட்டினால், குழந்தையின் உடம்போ முடியோ அதில் ஒட்டிக்கொண்டு விடுபடாமல் போகலாம். அமெரிக்காவில் இதற்கென்றே 2007-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். குறைந்தது மூன்றடி இடைவெளியில் இரண்டு டிரெயின், இரண்டுக்கும் குவிந்த பாதுகாப்பு மூடி வேண்டும். இரண்டாவது வெட்ட வசதியில்லை என்றால் அந்த ஒன்றின் வால்வை மூடிவிட்டு ஸ்கிம்மர்களில் மட்டும் ஓட்டுங்கள். அதற்கு ஸ்கிம்மர் லைன் மட்டுமே முழு ஓட்டத்தையும் தாங்க வேண்டும்.

இன்னொன்று கரண்ட். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட் மட்டுமே. பழைய 300 வாட் ஹாலஜனுக்குப் பதில் 12 வோல்ட் எல்.ஈ.டி. போடும்போது, பழைய டிரான்ஸ்ஃபார்மர் எலக்ட்ரானிக் வகையாக இருந்தால் குறைந்த லோடில் மினுக்கும், அதையும் மாற்றுங்கள். எங்காவது 230 வோல்ட் விளக்கு இருந்தால் இன்றைக்கே துண்டியுங்கள். மோட்டாருக்கும் விளக்குக்கும் கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி.யும் நல்ல எர்த் குழியும் கட்டாயம். அது அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கழற்றிவிட்டு நேராக ஒயர் கொடுப்பவரை வேலையை விட்டு அனுப்பலாம். வீட்டிலிருந்து மோட்டார் அறை 60 மீட்டர் என்றால் 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 8 ஆம்பியருக்கு ஏழு வோல்ட் குறையும். சாயங்காலம் ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கும் கிராமத்தில் 4 சதுர மி.மீ. போடுங்கள். தோட்டத்து இலவச விவசாய இணைப்பிலிருந்து இழுக்க வேண்டாம், பிடிபட்டால் அபராதம்.

வேகம் மாற்றும் மோட்டார் நல்ல சாமான்தான். பாதி வேகத்தில் பாதித் தண்ணீர், கரண்ட் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆனால் இடி மின்னலில் முதலில் போவது அதன் எலக்ட்ரானிக் போர்டுதான். சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் வாங்காதீர்கள்.

உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி இப்போது எல்லா விலைப்பட்டியலிலும் வருகிறது. லிட்டருக்கு 4 கிராம் வீதம் நம் குளத்துக்குத் தொடக்கத்திலேயே 230 கிலோ உப்பு வேண்டும். நம் போர் தண்ணீரின் கடினத்தன்மையில் குளோரின் உண்டாகும் செல்லின் தகடுகளில் சுண்ணாம்பு படியும். தானாகத் துருவம் மாறும் வகையையே கேளுங்கள், தண்ணீரையும் முன்பே சோதித்துவிடுங்கள். தூத்துக்குடி அளத்து உப்பை மூட்டையாக வாங்கிக் கொட்டினால் சேறும் மக்னீசியமும் சேர்ந்து வரும். அயோடின் கலக்காத, சுத்திகரித்த உப்புதான் சரி. பேக்வாஷ் தண்ணீர் ஒரு தடவைக்கு 400, 500 லிட்டர். உப்பேறிய அதை வாழைக்குத் திருப்பும் பழக்கத்தையும் அன்றோடு விட வேண்டும். ஆசிட் கேனை மோட்டார் அறையில் வைத்தால் புது பேனல் பச்சை பூத்துவிடும், வெளியே வையுங்கள்.

எல்லாம் மாட்டி, புது மணலை ஒரு முறை பேக்வாஷ் செய்து முடித்ததும் கேஜ் காட்டும் அழுத்தத்தைப் பில்டரின் மேலேயே மார்க்கரால் தேதியோடு எழுதி வையுங்கள். அதைவிட அரை கிலோ கூடினால் பேக்வாஷ். பேக்வாஷ் செய்தும் அந்த எண்ணுக்கு இறங்காவிட்டால் பில்டரைத் திறந்து மணலைப் பார்க்க வேண்டும்.