"நேற்று என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள்

குடியிருப்புப் பகுதியில் வீடு வீடாகப் போய் உணவு, உடல்நலக் கணக்கெடுப்பு எடுக்கிறீர்களா? "தினமும் காய்கறி சாப்பிடுவீங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும், வேறென்ன சொல்வார்கள்! அதற்குப் பதில், நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை வாயில் போட்டதை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். 24 மணி நேர நினைவுமுறை என்பது இதுதான்.

முதலில் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் திரும்ப ஒருமுறை: "நடுவில் ஏதாவது கொறித்தீர்களா? குடிக்க? சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" விட்டுப்போனதில் பலவும் இங்கேதான் வெளிவரும். அளவு கேட்கும்போது கையில் ஒரு கிண்ணமும் டம்ளரும் இருக்கட்டும். "கொஞ்சம்" என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

நோயைப் பற்றிக் கேட்கும்போது, "ரத்த அழுத்தம் இருக்கா?" என்பதைவிட, "இருப்பதாக டாக்டரோ நர்ஸோ எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா?" என்பது தெளிவு. தொற்றா நோய்க் கணக்கெடுப்புக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் (STEPS) படிவமும் இப்படித்தான் கேட்கிறது. எடை, வருமானம் போன்ற சங்கடக் கேள்விகள் கடைசியில்.

பகல் 11 மணிக்கு மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர் யாரும் சிக்கமாட்டார்கள். மாலையிலும் ஞாயிறிலும் ஒரு சுற்று போங்கள். பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைத் தட்டாதீர்கள், திரும்பப் போங்கள்.