20-க்கு 20 அடிக் கொல்லையில் உணவுக்காடு

சென்னையில் வீட்டுக்குப் பின்னால் 400 சதுர அடி கிடைத்தால் பலரும் முதலில் மாவும் பலாவும் வைக்கிறார்கள். ஐந்தாறு வருஷத்தில் கீழே புல்கூட முளைக்காது. இந்த அளவு இடத்துக்கு ஒரு முருங்கை, இரண்டு அகத்தி, ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு பப்பாளி, ஒரு வாழைக் குத்து போதும். மற்றதெல்லாம் கொடி, கிழங்கு, கீரை. இப்படி உண்ணத் தருபவை அடுக்கடுக்காகச் சேர்ந்து வளர்வதுதான் உணவுக்காடு.

முதல் வேலை மண். வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கட்டியும் செங்கல் தூளும் ஒன்றரை அடி ஆழம்வரை கிடக்கும். தோண்டிப் பொறுக்கி எடுங்கள். விட்டுவிட்டால் சுண்ணாம்பு ஏறி, எலுமிச்சைக் கொழுந்து நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்துப்போகும். அது இரும்புச்சத்துக் குறை. எரு போட்டு மட்டும் தீராது. ஆடி முதலில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை 200 கிராம் விதைத்து, பூ எடுக்கும் சமயம், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி மண்ணோடு கொத்திவிடுங்கள். இரண்டு வாரம் மட்கட்டும். புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.

உயரமானவை மேற்கிலும் வடக்கிலும்; தென்கிழக்கைத் திறந்து விடுங்கள். மேற்கே அகத்தியும் முருங்கையும் நின்றால் சித்திரை, வைகாசி பிற்பகல் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். முருங்கை காற்றில் முறியும் மரம், சுவரை ஒட்டி வேண்டாம்.

மரக்குழி 2 அடிக் கன சதுரம். மேல்மண்ணோடு 10 கிலோ நன்றாக மட்கிய தொழுவுரம், அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு. மட்காத சாணம் போட்டால் வெள்ளைப் புழு வந்து வேரைத் தின்னும். பப்பாளிக்கு மட்டும் குழி போதாது, ஓரடி மேடு வேண்டும். ஐப்பசி மழையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். நாட்டு ரகமானால் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்ததும் ஆண் மரங்களைப் பிடுங்குங்கள். தோட்டத்துக்கு ஓர் ஆண் மரம் மட்டும் நின்றால் போதும்.

வாழையும் சேப்பங்கிழங்கும் சமையலறைத் தண்ணீர் வரும் பக்கம். தாய் வாழையோடு ஒரு பக்கக்கன்று மட்டும் நிற்கட்டும்.

வெற்றிலைக்குக் கொடிக்கால் முறைதான், அதாவது அகத்தி மரத்தில் கொடியை ஏற்றுவது. புரட்டாசியில் விதைத்த அகத்தி தை மாதம் நிழல் தரும். அப்போது கொடியை நட்டு, ஏற ஏற வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள். அகத்தியில் பக்கக் கிளை மட்டும் கழிக்கலாம், மொட்டையடித்தால் பட்டுப்போகும். முருங்கை நேர் எதிர்: 3 அடியில் நுனி கிள்ளி, வருஷா வருஷம் காய் முடிந்ததும் அதே உயரத்துக்கு வெட்டலாம்.

தரையில் வல்லாரை, பொன்னாங்கண்ணித் துண்டுகளை அரையடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். மஞ்சளும் இஞ்சியும் வைகாசியில், அரை நிழலில். சருகு மூடாக்கு 4 அங்குலம், ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. மழைக்காலத்தில் அதற்குள் பெரிய ஆப்பிரிக்க நத்தை புகும். ஈரச் சாக்கின் கீழே பப்பாளி இலை போட்டு வைத்து, விடிந்ததும் கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

பப்பாளியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினால் அது மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். ரசாயன மருந்து வேண்டாம். அந்தப் பூச்சியை அடக்க 2010-இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்து விட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவியும் அதில் செத்துவிடும்.